அலமாரிக்குள் பேசிய தெய்வம்

மாமா போன் செய்தபோது தம்பிக்காரன் வேலையில் இருந்தான். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலை அது. பிழிந்து வந்த விரிப்பை இரண்டு முனையிலும் பிடித்து, ஓர் உதறு உதறி, சூடான உருளைக்குள் நேராகக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் அந்தப் பக்கம் சுருக்கம் விழுந்து வரும். சூப்பர்வைசர் புருவத்தைத் தூக்குவார். வேலை நேரத்தில் போனை எடுக்கிற பேச்சே கிடையாது. ஆனால் அன்று விடியற்காலையில்தான் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. சட்டைப் பையில் போன் இரண்டாம் தடவை துடித்ததும், எதிரே நின்றவனுக்குச் சைகை காட்டிவிட்டு, அழுக்குத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றான்.

"மச்சான், உங்கக்காகிட்ட நீயாவது பேசு. நான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

"என்ன மாமா? பாப்பாவுக்கு ஏதாவதா?"

"பாப்பாவுக்கு என்ன, ஜம்முனு தூங்குறா. பிரச்சினை பாப்பாவோட அம்மா."

அக்கா வீட்டுக்காரரான மாமா தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். எதையும் அளந்து, வெட்டி, பொருத்திப் பேசுகிற ஆள். அன்று அவர் பேச்சில் இடுக்கு இடுக்காக விழுந்தது. குழந்தைக்கு அவருடைய ரத்தம், பாசிட்டிவ். அக்காவுக்கு நெகட்டிவ். பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் அவள் உடம்புக்குள் போயிருக்கும். அதை அவள் உடம்பு எதிரி என்று நினைத்து, ஆயுதம் செய்து வைத்துக்கொள்ளும். இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த குழந்தை வயிற்றில் வந்தால் அந்த ஆயுதம் அதன் ரத்தத்தை அழிக்கும்.

"ஊசி ஒண்ணு இருக்காம். அதைப் போட்டுட்டா உடம்பு ஆயுதமே செய்யாதாம். மூணு நாளைக்குள்ள போட்டாகணும்னு நர்ஸம்மா சொல்றாங்க. ஏழாம் மாசத்துலயே ஒண்ணு போட்டிருக்கணுமாம். போட்டாச்சுன்னு என்கிட்ட பொய் சொல்லியிருக்காடா அவ!"

"சரி, இப்பப் போட்டுட வேண்டியதுதானே?"

"வேணாங்கிறா. அவ சம்மதம் இல்லாம போட மாட்டாங்களாம். புடிச்சுக் கட்டியா போட முடியும்? எல்லாம் ஒரு வீடியோ பண்ணின வேலை. இரு, நீயே கேளு."

அந்தப் பக்கம் எதையோ அழுத்தும் சத்தம். பிறகு ஒரு குரல். கிணற்றுக்கு அடியிலிருந்து வருவது மாதிரி ஆழமாக, அவசரமே இல்லாமல், பின்னால் ஏதோ மேளம் முனக முனகப் பேசியது.

"இந்த ரத்தம் உள்ளவங்க யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உங்ககிட்ட எந்தக் குறையும் இல்ல. மத்தவங்ககிட்ட இல்லாத ஒண்ணு உங்ககிட்ட இருக்கு. அதுல எதையும் கலக்க விடாதீங்க."

தம்பிக்காரன் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான்.

"கேட்டியா? எவனோ ஒரு பரதேசி எங்கயோ உக்காந்துக்கிட்டு உளர்றான். அவன் மட்டும் என் கையில கெடைச்சான்... மச்சான்? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் மாமா."

"நீ சொன்னா கேப்பா. சாயங்காலம் பேசு."

"பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, அந்த மூட்டைகளுக்கு நடுவிலேயே கொஞ்ச நேரம் நின்றான். அந்தப் பரதேசி அவன்தான்.

வீட்டில் அவனுக்கு வாயாடி என்று பேர். வேலைக்காக இந்த வெளிநாட்டுக்கு வந்த பிறகு வாயைத் திறக்க வழியில்லாமல் போயிற்று. இந்த ஊர்ப் பாஷை வாயில் கூழாங்கல் மாதிரி கிடந்தது. ஆலையிலோ மிஷின் இரைச்சல். நாள் முழுக்கத் தலையாட்டலிலேயே கழியும். அப்படி இருந்தவன் கண்ணில், நம் பாஷையில் கதை சொல்லக் குரல் வேண்டும் என்று ஒரு சேனல்காரர் போட்ட விளம்பரம் பட்டது. ஒரு நிமிஷம் பேசி அனுப்பினான். மறுநாளே எழுத்து வந்துவிட்டது.

அது மிஷின் மொழிபெயர்த்த எழுத்து. படித்தால் பல் ஆடும். இரண்டு நதிகளுக்கு நடுவில் வாழ்ந்த ஆதி ஜனங்கள், அவர்கள் களிமண் பலகையில் எழுதி வைத்த தெய்வங்கள், அனு, என்லில், என்கி என்று பெயர்கள். அதுவரை சரி. அதற்கப்புறம்தான் சேனல்காரரின் சரக்கு. அந்தத் தெய்வங்கள் எல்லாம் வேற்றுக் கிரகத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். அனுன்னாக்கி என்று பேர். தங்கம் தோண்ட வந்தார்கள். தோண்டி அலுத்துப்போய், குரங்கின் ரத்தத்தில் தங்கள் ரத்தத்தைக் கலந்து வேலைக்காரனாக மனிதனைச் செய்தார்கள். கல்லில் செதுக்கிய சாமி கையில் சின்ன வாளி இருந்தால் அது மருந்துப் பெட்டி. மணிக்கட்டில் பூப்போட்ட காப்பு இருந்தால் அது கைக்கடிகாரம்.

இதையெல்லாம் அவன் நம்பினானா என்றால், நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. யார் படுத்த விரிப்பு என்று உருளை கேட்கிறதா என்ன? வந்ததை நேராக்கிக் கொடுத்தான். லீவு நாளில் துணி அலமாரியைத் திறந்து, குளிர் கோட்டுகளை இரண்டு பக்கமும் தள்ளி, நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தலைக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொள்வான். அப்படிச் செய்தால் எதிரொலி வராது. அந்த இருட்டுக்குள் மிஷின் எழுத்தைப் பிரித்துப்போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து யாரிடமோ சொல்கிற மாதிரிப் பேசுவான். சேனல்காரர் அந்தக் குரலை இன்னும் கீழே இறக்கி, மேளம் சேர்த்து விடுவார். போர்வைக்குள் வேர்த்துக் கொட்டும். ஆனாலும் வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவன் அவனாக இருந்தான்.

அறையில் கூட இருக்கும் கேன்டீன் சமையல்காரர் ஒருநாள் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, அந்தச் சாமிங்க தங்களுக்கு வேலை செய்ய ஆள் இல்லாமத்தான் மனுஷனைச் செஞ்சாங்களா?"

"அப்படித்தான்ணே போட்டிருக்கு."

"நம்மள இங்க கூட்டியாந்த ஏஜென்ட்டு அந்த வம்சம்தான் போல. விசாரிச்சுப் பாரு."

பதினோராவது வீடியோ ரத்தத்தைப் பற்றியது. நெகட்டிவ் ரத்தம் உள்ளவர்கள் அந்தத் தெய்வங்களின் நேர் வாரிசு என்று இருந்தது. அதைப் படித்ததும் அவனுக்கு அக்கா ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற வயதில் அவளுக்கு ஒரு ஆபரேஷன். அந்த ரத்தம் கிடைக்காமல் அப்பா நாலு ஆஸ்பத்திரி அலைந்தார். அன்றைக்குச் சொந்தக்கார அத்தை ஒருத்தி, "நெகட்டிவ்னா இல்லைன்னுதானே அர்த்தம்? இந்தப் பொண்ணுகிட்ட என்னமோ ஒண்ணு இல்ல" என்றாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பேசி முடித்த சம்பந்தம் ஒன்று அந்த ரத்தத்தைக் காரணம் காட்டி விட்டுப்போயிற்று. அம்மா போன பிறகு தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். அவள் ஒரு தடவைகூட இதைப் பற்றி வாய் திறந்து அழுதது கிடையாது.

எழுத்தில் இல்லாததை அன்று போர்வைக்குள் அவனாகவே சொன்னான். உங்ககிட்ட எந்தக் குறையும் இல்ல. மத்தவங்ககிட்ட இல்லாத ஒண்ணு உங்ககிட்ட இருக்கு. சொல்லிவிட்டுக் கேட்டுப் பார்த்தான். அந்தரத்தில் நின்றது. முடிவில் ஒரு தட்டு தட்டினால்தான் உட்காரும் என்று தோன்றியது. அதுல எதையும் கலக்க விடாதீங்க. உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டான்.

"வாடா தாய்மாமா!"

"அக்கா, அந்த ஊசியைப் போட்டுக்க."

"எடுத்த எடுப்புல ஊசியா? பாப்பா யார் ஜாடைன்னு கேக்க மாட்டியா?"

"யார் ஜாடை?"

"மூக்கு உன்னோடது. பாவம்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டான். "அக்கா, அந்த வீடியோவுல பேசுறது நான்தான். அது என் குரல்தான்."

திட்டுவாள், அழுவாள், போனை வைத்துவிடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தான். அவள் மெதுவாகச் சிரித்தாள்.

"சிரிக்க வைக்காதடா, தையல் வலிக்குது. எனக்குத் தெரியாதா?"

"தெரியுமா?"

"முதல் வீடியோவுலயே தெரியும். குரலை எவ்வளவு கீழ இறக்கினா என்ன, மூச்சு வாங்குற இடம் மாறுமா? பெருசா ஒண்ணு ஆரம்பிச்சுட்டு நடுவுல திணறுவ பாரு, அப்படியே இருந்துச்சு."

"அப்புறம் எப்படிக்கா இதை நம்பின?"

"நீ சொன்னதால." சாதாரணமாகச் சொன்னாள். "கப்பலு, தங்கம், கெரகம், அதெல்லாம் எவனோ எழுதிக் குடுத்தது. அது எனக்குப் பாதி புரியல. ஆனா அந்த ஒரு இடம் நீயாப் பேசினது. என்கிட்டப் பேசினது. இல்லைன்னு சொல்லு பாப்போம்."

அது உண்மைதான்.

"உன்கிட்டத்தான் பேசினேன். ஆனா முதல்ல சொன்னது மட்டும்தான் உனக்கு. கலக்க விடாதீங்கன்னது சும்மா, ஓசைக்காகப் போட்டது."

"ஓசைக்கா?"

"கேக்க நல்லா இருக்கும்னு."

"டேய், ஒருத்தன் பேசும்போது இது நெசம், இது ஓசைன்னு பிரிச்சுப் பிரிச்சா கேக்க முடியும்?"

கடைசியில், எடுக்கவே கூடாது என்று நினைத்திருந்ததை எடுத்தான்.

"அம்மாவுக்கு எனக்கப்புறம் ரெண்டு தங்கலையே. ஞாபகம் இருக்கா? அம்மாவுக்கும் உன் ரத்தமா இருந்திருக்கும்க்கா. எனக்கு அப்பா ரத்தம், பாசிட்டிவ். நான் பொறந்தப்போ அம்மா உடம்பு அந்த ஆயுதத்தை..." தனக்குப் பின்னால் வரவிருந்த இரண்டு பேருக்கு வாசலை அடைத்துவிட்டு வந்தவன் தான்தானோ என்று அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவனுக்கு முதன்முதலாக உறைத்தது.

அக்காவின் குரல் மாறியது.

"அம்மாவை இதுல இழுக்காத. அவங்க சாகுற வரைக்கும் யாரும் அவங்ககிட்ட ஒரு நல்ல வார்த்தை சொல்லல. எனக்கு ஒருத்தன் சொன்னான். அதையும் இப்பத் திருப்பி வாங்கப் பாக்குறான்."

போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடியே சேனல்காரரைப் போனில் பிடித்தான். அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள், ஒரு உயிர் விஷயம் என்று கெஞ்சினான்.

"என்ன தம்பி, நம்ம என்ன விஷமா விக்கிறோம்? கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கேனே, இது பொழுதுபோக்குக்குன்னு."

"எங்கக்கா ஊசி போட்டுக்க மாட்டேங்குது சார்."

"ஊசி போடாதீங்கன்னு நான் எழுதினேனா? எழுத்தை எடுத்துப் பாரு. அந்த வரியே அதுல கிடையாது. பேசினது நீ."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனாலும் மனுஷர் மோசமானவர் இல்லை; மத்தியானத்துக்குள் வீடியோவை எடுத்துவிட்டார். சாப்பாட்டு இடைவேளையில் அதைப் பார்த்ததும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அக்காவிடமிருந்து குரல் செய்தி.

"வீடியோவைத் தூக்கிட்டாங்க பாத்தியா? உண்மையைச் சொன்னா விட்டுவைப்பாங்களா? நீ எதுக்கும் ஜாக்கிரதையா இரு. உன்னை யாராச்சும் மிரட்டினாங்களா? நேத்து நீ பேசினதே ஒரு மாதிரி இருந்துச்சு."

அவனுக்காகப் பயந்துகொண்டிருந்தாள்.

அன்று வேலை முடிந்ததும் சமையல்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "அந்தக் களிமண் பலகையில உண்மையில என்னதான் எழுதியிருக்காம்? அதையாவது ஒழுங்கா எடுத்துச் சொல்லிப் பாரேன்."

பதினோரு வீடியோ பேசியவன் அதுவரை அதைத் தேடிப் பார்த்ததே இல்லை. அன்று தேடினான். படித்தவர்கள் பலகையைப் பார்த்து எழுதியதில் கப்பல் இல்லை, கிரகம் இல்லை. சின்னத் தெய்வங்கள் பெரிய தெய்வங்களுக்காகக் கால்வாய் வெட்டின. முதுகு ஒடிந்தது. ஒருநாள் கூடையையும் மண்வெட்டியையும் கொளுத்திப் போட்டுவிட்டு என்லில் வாசலில் போய் மறியல் செய்தன. இந்த வேலைக்கு வேறு ஆள் செய்வோம் என்று முடிவாயிற்று. ஒரு தெய்வத்தைக் கொன்று, அதன் ரத்தத்தைக் களிமண்ணில் பிசைந்து மனிதனைச் செய்தார்கள். அவ்வளவுதான் கதை. அதில் உசத்தி ரத்தம், தனி ரத்தம் என்று எதுவும் கிடையாது. ஒரே மண், ஒரே ரத்தம், எல்லாருக்கும்.

அதை அப்படியே அக்காவுக்குச் சொன்னான். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ அதுலயும் சாமி ரத்தம் இருக்குல்ல?"

"எல்லாருக்கும் இருக்குன்னு போட்டிருக்குக்கா!"

"எல்லாருக்கும் இருந்தா என்னுது மட்டும் ஏன் எவனுக்கும் சேரல?"

மூன்றாம் நாள். விடிந்தால் கெடு. உடம்பு சரியில்லை என்று ஆலைக்குச் சொல்லிவிட்டு அறையிலேயே இருந்தான். காலையிலேயே மாமா கூப்பிட்டார். நர்ஸம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். அந்த அம்மா வேகமாக, ஆனால் எரிச்சல் இல்லாமல் பேசினாள்.

"தம்பி, நாளைக்குக் காலையில டிஸ்சார்ஜ். அதுக்குள்ள போட்டா நல்லது. அதுக்கப்புறம் வந்தாலும் போடுவோம், ஆனா அது எவ்வளவு காப்பாத்தும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. உடம்பு ஆயுதம் செஞ்சு முடிச்சுட்டா, அப்புறம் எந்த ஊசியாலயும் அதை எடுக்க முடியாது. வேணாம்னு எழுதிக் கையெழுத்துக் கேட்டா உங்கக்கா உடனே போட்டுட்டாங்க. நான் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன், இவ்வளவு சந்தோஷமா யாரும் போட்டதில்ல."

மாமா போனை வாங்கி, கொஞ்சம் தள்ளி வந்து கிசுகிசுத்தார். "மச்சான், அந்த வீடியோ ஆளை எப்படியாவது தேடிப் புடிக்க முடியாதா? அவனே சொன்னா கேப்பா. கால்ல வேணும்னாலும் விழறேன்."

"மாமா, அந்த ஆள் நான்தான்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏதோ தள்ளுவண்டி உருண்டு போனது மட்டும் கேட்டது. மாமா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அப்ப அதே குரல்ல சொல்லுடா" என்றார். "சீக்கிரம் சொல்லு."

அலமாரியைத் திறந்தான். கோட்டுகளைத் தள்ளினான். முக்காலி, போர்வை. தப்பு நடந்துவிடக் கூடாது என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டான். ரத்தம் எப்படிச் சேரும், ஊசி என்ன செய்யும், முன்பு சொன்னது ஏன் தவறு. பயந்து பயந்து நாலு தடவை திருத்தினான். ஒரு வார்த்தை கோணினாலும் அந்தப் பக்கம் சுருக்கம் விழும். இடையில் திணறாமல் இருக்க, எங்கே மூச்சு வாங்குவது என்றுகூடக் கோடு போட்டுக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, நிதானமாக, ஒரு தடங்கலும் இல்லாமல் பேசி முடித்தான். குரலை இன்னும் கீழே இறக்கித் தரச் சொல்லிச் சேனல்காரருக்கு அனுப்பினான். அவர் பேசாமல் செய்து கொடுத்தார். மேளம் மட்டும் சேர்க்கவில்லை.

அக்காவுக்கு அனுப்பிவிட்டு, கேட்டுவிட்டாள் என்று காட்டும் அடையாளம் வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வந்தது. அவளே கூப்பிட்டாள்.

"நல்லாப் பேசியிருக்க."

"போட்டுக்கறியாக்கா?"

"தாளைப் பாத்துத்தானே படிச்ச?"

அவன் மடியில் கிடந்த தாளைக் கவிழ்த்து வைத்தான்.

"நீ படிச்சா எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல மேடையேறி ஒப்பிப்பியே, அந்தக் குரல். ஒரு எடத்துலகூடத் திணறல. யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க. பாவம், உன்னை ரொம்பப் படுத்துறாங்க போல."

"நான் எழுதினதுக்கா. நானே எழுதினது. சத்தியமா."

"சரிடா, சரி. அழாத. அங்க யாரு உனக்குக் கண்ணைத் துடைச்சு விடுவா? சாப்பிட்டியா?"

அவளுக்குக் கோபம் தணிந்திருந்தது. அதுதான் அவனை இன்னும் கலங்கடித்தது. அவனை மன்னித்துவிட்டாள், அதோடு அந்தப் பேச்சு அவளுக்கு முடிந்துவிட்டது. மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை திரும்பக் கூப்பிட்டான். இரண்டு தடவையும் குழந்தை பால் குடித்ததை, தும்மியதை, விரலைப் பிடித்ததைச் சொன்னாள். ஊசி என்றதும், "பாப்பா முழிச்சுக்கிட்டா" என்று வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் காலை மாமாவிடமிருந்து ஒரே வரி வந்தது. வீட்டுக்கு வந்துட்டோம்.

அவன் ஆலைக்குப் போனான். எதிரே நின்றவன் சைகையில் உடம்பு எப்படி என்று கேட்டான், இவன் தலையாட்டினான். விரிப்பு வந்தது, உதறினான், கொடுத்தான். பத்து மணி இடைவேளையில் போனைப் பார்த்தான். அக்கா வீட்டிலிருந்து பேசி அனுப்பியிருந்தாள். பின்னால் குழந்தை சிணுங்குவது கேட்டது. எத்தனையோ வருஷமாக அவன் கேட்டறியாத ஒரு தெளிவு அவள் குரலில் இருந்தது.

"டேய், இவ ஒத்தையா வளர வேணாம்டா. நம்ம ரெண்டு பேரு மாதிரி இவளுக்கும் ஒருத்தன் வேணும். அடுத்த வருஷமே பெத்துக்கலாம்னு உங்க மாமாகிட்டச் சொல்லிட்டேன். அவரு ஏன் அப்படி மூஞ்சியை வெச்சுக்கிட்டு வெளிய போனாருன்னுதான் தெரியல. நீ கொஞ்சம் அவருகிட்டப் பேசு. நீ பேசினா யாரும் கேப்பாங்க."

அவன் ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பிடித்தான். அக்கா என்றான். அடுத்து என்ன சொல்ல வேண்டும், எந்த வார்த்தையை முதலில் வைக்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்க ஆரம்பித்தான். அடுக்கிக்கொண்டே இருந்தான். திரையில் நொடிகள் ஓடின. மிஷின் திரும்ப உறுமத் தொடங்கியது. விரலை எடுத்தான், அந்த ஒற்றை வார்த்தையும் அதற்குப் பின்னால் இருந்த இரைச்சலும் அவளுக்குப் போய்விட்டன.